மாலை ஆறரை மணிக்கு ஒரு கொலை

சிப்பிங் கிளெக்ஹார்ன் என்று இங்கிலாந்தில் ஒரு கிராமம். வெள்ளிக்கிழமை காலையில் உள்ளூர் வாரப் பத்திரிகை வந்து விழுந்துவிடும். யார் நாய்க்குட்டி விற்கிறார்கள், யாருக்கு வேலையாள் வேண்டும் என்று வரி விளம்பரங்களை அலசி முடிக்காமல் அங்கே யாருக்கும் காலைச் சாப்பாடு இறங்காது. அந்தப் பத்தியில் ஒரு நாள் இப்படி வருகிறது: அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்கு லிட்டில் பாடக்ஸ் இல்லத்தில் ஒரு கொலை நடைபெறும். நண்பர்கள் இதையே அழைப்பாகக் கொள்ளவும். கல்யாணப் பத்திரிகையில் 'தனித்தனியே அழைத்ததாகக் கருதி' என்று நாம் போடுவோமே, அதே பவ்யம்.

வீட்டுக்காரி லெட்டீஷியா பிளாக்லாக்குக்கே இது புதுச் செய்தி. ஆனாலும் ஊர் திரண்டு வரும் என்று அவருக்குத் தெரியும். ஷெர்ரி பாட்டிலை எடுத்து வைக்கச் சொல்கிறார். சொன்னபடியே ஒவ்வொருவராக வருகிறார்கள். கொலை பார்க்க வந்தோம் என்று யாராவது சொல்வார்களா? இந்தப் பக்கமாக வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன் என்று ஆளுக்கொரு சாக்கு. 'அட, ஹீட்டிங் போட்டுவிட்டீர்களா!' என்று, வீடு முழுக்கச் சூடேற்றியிருப்பதைப் பார்த்து வருகிறவர்கள் எல்லோரும் வியக்கிறார்கள். கடிகாரம் அரை மணி அடிக்கிறது. விளக்கு அணைகிறது. கதவு திறந்து ஒரு டார்ச் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது. கையைத் தூக்கு என்று ஒரு குரல். துப்பாக்கி வெடிக்கிறது. வெளிச்சம் திரும்பும்போது டார்ச்சோடு வந்தவன் செத்துக் கிடக்கிறான். பிளாக்லாக்கின் காதிலிருந்து ரத்தம் வழிகிறது.

அகதா கிறிஸ்டி 1950-ல் எழுதிய 'எ மர்டர் இஸ் அனவுன்ஸ்டு' நாவலின் தொடக்கம் இது. பிபிசி 1985-ல் இதை மூன்று பகுதிகளாக எடுத்தது. திரைக்கதை ஆலன் பிளேட்டர், இயக்கம் டேவிட் ஜைல்ஸ், கிறிஸ்டியின் துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளாக ஜோன் ஹிக்சன். நான் அடிக்கடி போட்டுப் பார்க்கும் துப்பறியும் படம் எது என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். விடை தெரிந்த புதிரைத் திரும்பத் திரும்பப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்தப் படத்தில் விடை தெரிந்த பிறகுதான் பார்க்கவே ஆரம்பிக்கிறோம் என்பது என் கட்சி. அதை விளக்க வேண்டுமானால் கொலையாளி யார் என்று சொல்லாமல் முடியாது. கதை தெரியக்கூடாது என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் ஓடிவிடாது.

சரி, இனிமேல் ஒளிவுமறைவு இல்லை.

கொலையாளி அந்த வீட்டுக்காரியேதான். அவர் லெட்டீஷியாவும் இல்லை. தங்கை சார்லட். இளவயதில் சார்லட்டுக்குக் கழுத்தில் பெரிய கழலை. அப்பா டாக்டர்தான், ஆனால் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளாத பழைய காலத்துப் பிடிவாதக்காரர். அந்தப் பெண் வெளியே தலைகாட்டாமலே இளமையைக் கழித்துவிட்டாள். அப்பா போன பிறகு அக்கா லெட்டீஷியா அவளை சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போய் அறுவை சிகிச்சை செய்ய வைக்கிறாள். பிறகு அக்கா நிமோனியாவில் இறந்துபோகிறாள். அக்காவுக்கு ஒரு பெரும் சொத்து வரவேண்டியிருந்தது. அவள் முன்பு வேலை பார்த்த பணக்காரரின் மனைவி பெல் கோட்லர் ஸ்காட்லாந்தில் சாகக் கிடக்கிறார். அவருக்குப் பின் லெட்டீஷியா உயிரோடிருந்தால் எல்லாம் லெட்டீஷியாவுக்கு. சார்லட் அக்காவின் பெயரோடு இங்கிலாந்து திரும்புகிறாள், அவ்வளவுதான். யாரையும் கொல்லத் தேவையில்லை, காத்திருந்தால் போதும். அந்த நேரம் பார்த்து, சுவிஸ் மருத்துவமனையில் அவளைப் பார்த்திருந்த ருடி ஷெர்ஸ் என்ற இளைஞன் பக்கத்து ஊர் ஹோட்டலில் வரவேற்பாளனாக வந்து சேர்கிறான். அவளைக் கண்டு முகம் மலர்ந்து வணக்கம் வேறு சொல்லிவிடுகிறான். டார்ச்சோடு வந்து செத்துக் கிடந்தவன் இவன்தான்.

இந்தக் கதை அந்த வருடங்களில்தான் நடக்க முடியும். போர் முடிந்துவிட்டது, ரேஷன் முடியவில்லை. பிரிட்டனில் உணவு ரேஷன் முழுசாக ஒழிய 1954 ஆனது. வெண்ணெய், முட்டை, நிலக்கரி எல்லாம் கைமாற்றாக ஓடுகின்றன. போலீஸ் விசாரிக்க வந்தால் கொலையைவிடக் கள்ளத்தனமாக வாங்கிய வெண்ணெயைப் பற்றித்தான் ஊர் அதிகம் பயப்படுகிறது. அதோடு, ஊருக்குள் இருப்பவர்களில் பாதிப் பேர் புதிதாக வந்தவர்கள். முன்பெல்லாம் ஒருவர் குடிவந்தால் யாராவது தெரிந்தவர் கடிதம் எழுதுவார், இன்னாருக்கு இன்னார் உறவு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். இப்போது அவரவர் தம்மைப் பற்றிச் சொல்வதுதான் சான்று என்று மிஸ் மார்ப்பிள் இன்ஸ்பெக்டர் கிராடக்கிடம் சொல்லும் இடத்தில் கதையின் முதுகெலும்பே இருக்கிறது. கையில் ரேஷன் புத்தகம் இருக்கிறது. அதில் போட்டோ கிடையாது, கைரேகை கிடையாது. சார்லட் மட்டும் ஆள்மாறாட்டம் செய்யவில்லை. அந்த வீட்டிலேயே உறவுக்காரி என்று தங்கியிருக்கும் பெண்ணும் வேறு ஒருத்திதான், தோட்ட வேலைக்கு வந்த பெண்ணும் முழு உண்மையைச் சொன்னவள் இல்லை. ஆளுக்கொரு பொய்யோடு டீ குடிக்கிறார்கள்.

இதைப் படமாக எடுப்பதில் ஒரு பெரிய சிக்கல் உண்டு. நாவலில் ஆசிரியர் எதைச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறாரோ அதை விட்டுவிடலாம். அறையில் ஒரு விளக்கு இருந்தது என்று ஒரே வரியில் கடந்துபோகலாம். கேமராவுக்கு அந்த வசதி இல்லை, சட்டகத்துக்குள் இருப்பதெல்லாம் தெரிந்தே தீரும். அப்படியென்றால் தடயங்களை எங்கே ஒளிப்பது? இந்தப் படம் கண்டுபிடித்த வழி, ஒளிக்காமலே விடுவது.

ஹீட்டிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி தட்டுப்பாட்டுக் காலத்தில் அக்டோபரிலேயே ஒருத்தி ஹீட்டிங் போட்டால் விருந்தாளிகள் வியக்கத்தான் செய்வார்கள். முதல் தடவை பார்க்கும்போது அது காலத்தைக் காட்டும் ஒரு சின்ன விவரம், அவ்வளவுதான். உண்மையில் கொலைத் திட்டமே அதில்தான் நிற்கிறது. கணப்பில் நெருப்பு எரிந்தால் விளக்கு அணைந்தாலும் அறையில் வெளிச்சம் இருக்கும். கும்மிருட்டு வேண்டுமானால் நெருப்பு இருக்கக்கூடாது. நெருப்பு இல்லாமல் விருந்தாளிகள் குளிரில் நடுங்காமல் இருக்க வேண்டுமானால் ஹீட்டிங் வேண்டும். வந்தவர்கள் அத்தனை பேரும் கொலைக்கான ஏற்பாட்டை முகத்துக்கு நேரே பாராட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். நாமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

டார்ச்சும் அப்படியே. அறையில் இருந்தவர்கள் எல்லோரும் போலீசிடம் முகமூடி போட்ட ஒருவனைப் பார்த்தேன், கையில் துப்பாக்கியைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறார்கள். இருட்டில் கண்ணுக்கு நேரே டார்ச் அடித்தால் பின்னால் இருப்பவன் எப்படித் தெரிவான்? அவர்கள் பார்த்தது வெளிச்சம் ஒன்றைத்தான். மற்றதெல்லாம் பிற்பாடு மனம் போட்டு நிரப்பியது. திரையில் இது புத்தகத்தைவிட அழகாக வேலை செய்கிறது, ஏனென்றால் அந்த டார்ச் நம் கண்ணிலும் அடிக்கிறது. நாமும் அந்த அறையில் உட்கார்ந்திருந்த பொய்ச்சாட்சிகள்தான். கதவின் பின்னால் ஒதுங்கியிருந்த மிஸ் மர்கட்ராய்ட் என்ற விருந்தாளியின் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழவில்லை. ஆகவே டார்ச் சுழன்ற இடமெல்லாம் யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க முடிந்த ஒரே ஆள் அவள். இருக்க வேண்டிய ஒருத்தி இல்லை என்று அவளுக்கு நினைவு வருவதற்கு வெகு நாளாகிறது. வந்ததும் அவள் பிழைக்கவில்லை.

அப்புறம் அந்த முத்துமாலை. பிளாக்லாக் கழுத்தை ஒட்டினாற்போல் பெரிய முத்துகள் கோத்த மாலை ஒன்று அணிந்திருப்பார். தடித்த கம்பளி உடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அறுவை சிகிச்சைத் தழும்பை மறைக்கத்தான். ஒருமுறை அத்தையோடு உட்கார்ந்து இதைப் பார்த்தேன். அவருக்கு ஆங்கில வசனம் பாதிதான் எட்டும். நடுநடுவே நிறுத்தி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் பகுதி பாதி ஓடுவதற்குள் கேட்டுவிட்டார்.

"ஏம்மா, வீட்ல சும்மா இருக்கும்போதுகூட அந்தம்மா அந்த முத்துமாலையைக் கழட்டாதோ?"

"ஏன் அத்தை, அவங்க ஊர்ல அப்படி இருக்கலாமில்ல?"

"மத்தவங்க யாரும் போடலியே. கையில பாத்திரம் இருக்கு, கழுத்துல முத்து இருக்கு."

எனக்கு விடை தெரியும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அத்தை அதைப் பிடித்துக்கொண்டு மேலே போகவில்லை. கடைசிவரை அவருடைய சந்தேகமெல்லாம் ஓய்வுபெற்ற கர்னல் மேல்தான். "ராணுவத்துல இருந்தேன்னு அளந்து விடறான் பாரு. அவன்தான்." மாலையைப் பார்த்துவிட்டார், அது தடயம் என்று மட்டும் தோன்றவில்லை. வசனத்தைத் தொடர முடிந்த எனக்கோ முதல் தடவையில் அந்த மாலை கண்ணிலேயே படவில்லை.

புத்தகத்தில் உள்ள ஒரு தந்திரம் திரையில் கொஞ்சம் பலம் இழக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தோழி டோரா பன்னர் நடுநடுவே லெட்டி என்பதற்குப் பதில் லாட்டி என்று கூப்பிட்டுவிடுவார். லாட்டி என்பது சார்லட்டின் செல்லப் பெயர். நாவல் படிக்கிறவர் அச்சுப் பிழை என்று தாண்டிப் போய்விடுவார். காதில் விழும்போது அந்தச் சாக்கு இல்லை. குரலை எவ்வளவு தாழ்த்தினாலும் கூர்ந்து கேட்பவர்கள் பிடித்துவிடுவார்கள்.

நான் முதலில் சொன்ன இரண்டாம் தடவை பார்ப்பது என்ன என்பதற்கு வருகிறேன். முதல் தடவை கண் எல்லோர் மேலும் அலைபாயும். இரண்டாம் தடவை உர்சுலா ஹவல்ஸை மட்டும் பாருங்கள். பிளாக்லாக்காக நடிப்பவர் அவர். அவர் நடிப்பது, தன் அக்காவாக நடிக்கும் ஒருத்தியை. இரண்டு அடுக்கு. மேல் அடுக்கில் நிதானமான, விவரமான, கொஞ்சம் அதிகாரமான ஒரு பெண்மணி; லெட்டீஷியா அப்படித்தான் இருந்தாள். அடியில் வாழ்நாள் முழுக்க மறைந்தே வாழ்ந்து, கடைசியில் நாலு பேர் நடுவே வெளிச்சத்தில் உட்கார ஆசைப்பட்டவள். தன் உயிருக்கு ஆபத்து என்று எல்லோரும் பதறும்போது பிளாக்லாக் அலட்டிக்கொள்ளாமல் இருப்பார். முதல் தடவை அதைத் துணிச்சல் என்று நினைத்தேன். அது துணிச்சல் இல்லை, அவரைக் கொல்ல யாரும் இல்லை என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

டோரா பன்னரோடு அவர் வரும் காட்சிகளைத்தான் என்னால் சாதாரணமாகக் கடக்க முடிவதில்லை. டோரா பள்ளிக்காலத்துத் தோழி. வறுமையில் இடிந்துபோய்க் கடிதம் எழுதியவளைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டவள் சார்லட். அந்த அன்பு பொய்யில்லை. ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு ஜீவன் வேண்டியிருந்தது என்பதும் உண்மை. ஆனால் டோரா வாய் நிற்காத ஆள், வயதாக ஆகக் குழப்பமும் கூடுகிறது. ரெனே ஆஷர்சன் அந்தப் பாத்திரத்தைக் கேலியாக்காமல், விசுவாசம் மட்டுமே மிஞ்சிய ஒரு மனுஷியாகச் செய்திருக்கிறார். இவள் என்றைக்காவது உளறிவிடுவாள் என்று சார்லட்டுக்குப் புரிகிறது.

அப்போது என்ன செய்கிறாள்? டோராவுக்குப் பிறந்தநாள் விருந்து வைக்கிறாள். நாவலில் ஒரு கேக் வரும். அகதியாக வந்த சமையல்காரப் பெண் செய்வது. சாக்லேட்டும் வெண்ணெயும் சொட்டச் சொட்ட. கிறிஸ்துமஸுக்கு என்று எடுத்து வைத்த உலர்திராட்சை, அமெரிக்காவிலிருந்து வந்த வெண்ணெய் டின் என்று ரேஷன் காலத்தில் வீட்டில் பதுக்கியிருந்ததெல்லாம் அதில் போகிறது. அதற்கு 'டெலிஷியஸ் டெத்' என்று பெயர் வைத்தது கிறிஸ்டியின் குறும்பு. விருந்து முடிந்ததும் டோராவுக்குத் தலைவலி. லெட்டியின் கட்டில் பக்கத்தில் உள்ள பாட்டிலிலிருந்து ஆஸ்பிரின் எடுத்துப் போட்டுக்கொண்டு படுக்கிறாள். எழுந்திருக்கவில்லை. தான் கொல்லப்போகிற தோழிக்கு அவள் வாழ்க்கையிலேயே நல்ல நாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுக் கொல்கிறாள். முதல் தடவை அந்தக் காட்சியில் நானும் மற்றவர்களைப் போல ஆஸ்பிரின் யாருக்கு வைத்தது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது விருந்து மேஜையில் டோராவைப் பார்க்கும் அந்தக் கண்களைத்தான் பார்க்கிறேன். பாசம், குற்றவுணர்ச்சி, முடிவெடுத்துவிட்ட அமைதி எல்லாம் ஒரே பார்வையில். கொடூரமானவர்களைவிட நல்ல மனசும் பலவீனமும் சேர்ந்தவர்கள்தான் ஆபத்து என்று மிஸ் மார்ப்பிள் கருதுவார். இந்தக் கதையில் அது அப்பட்டமாகத் தெரிகிறது.

இவ்வளவு பேர் நடிக்கிற ஊரில் நடிக்காத ஒரே ஆள் மிஸ் மார்ப்பிள். ஜோன் ஹிக்சன் 1906-ல் பிறந்தவர். தொடர் 1984 டிசம்பரில் 'தி பாடி இன் தி லைப்ரரி'யோடு தொடங்கியபோது அவருக்கு 78 வயது. 1992-ல் 'தி மிரர் கிராக்ட்'டோடு முடித்தபோது 86. கிறிஸ்டி எழுதிய 12 மார்ப்பிள் நாவல்களிலும் அவரே. 1940-களில் கிறிஸ்டியின் நாடகம் ஒன்றில் ஹிக்சனைப் பார்த்துவிட்டு, நீங்கள் என்றாவது என் மிஸ் மார்ப்பிளாக நடிக்க வேண்டும் என்று கிறிஸ்டியே குறிப்பு எழுதி அனுப்பினாராம். அது நடக்க ஏறக்குறைய நாற்பது வருடம் ஆனது. கிறிஸ்டி 1976-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார், பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. இன்னொரு வேடிக்கை: 1961-ல் மார்கரெட் ரதர்ஃபோர்ட் மிஸ் மார்ப்பிளாக நடித்த 'மர்டர் ஷி செட்' படத்தில் ஹிக்சன் வேலைக்காரியாக ஒரு சின்ன வேடத்தில் வருவார்.

ரதர்ஃபோர்ட் குதிரையேறி, வாள் சுழற்றிச் சிரிக்கவைப்பவர். எனக்கு அவரும் பிடிக்கும், ஆனால் அது வேறு பதார்த்தம். ஹிக்சன் செய்வது கவனிப்பது. பின்னிக்கொண்டே இருப்பார். எதிரில் இருப்பவர் பேசும்போது தலையை லேசாகச் சாய்த்து, வெளிர்நீலக் கண்களை அசைக்காமல் கேட்பார். தனக்கு ஏதோ பிடிபட்டுவிட்டது என்று நமக்குக் காட்டிக்கொள்ள மாட்டார், அதிர்ச்சி இசையும் முகத்துக்கு அருகே பாயும் கேமராவும் கிடையாது. அந்தக் கனிவுக்கு அடியில் இரும்பு இருக்கிறது. கொலை என்றால் தூக்கு என்று இருந்த காலத்துப் பெண்மணி அவர். கொலையாளி மேல் இரக்கம் வரலாம், அதற்காக விட்டுவிட மாட்டார். பின்னால் வந்த நடிகைகளிடம் இந்த இரும்பு குறைவு.

மற்றவர்களைப் பற்றியும் ஓரிரண்டு வார்த்தை. மர்கட்ராய்டாக ஜோன் சிம்ஸ், அவளோடு பண்ணை வீட்டில் சேர்ந்து வாழும் ஹிஞ்ச்கிளிஃபாக பவோலா டியோனிசோட்டி. இருவருக்கும் நடுவில் என்ன என்று யாரும் சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. ஹிஞ்ச்கிளிஃப் எப்போதும் அதட்டுகிற குரல். தோழி கொல்லப்பட்ட பிறகு அந்தக் குரலே வேறாகிவிடும். இன்ஸ்பெக்டர் கிராடக்காக ஜான் காசில் பாந்தமாகப் பொருந்துகிறார். அவர் கூடவே திரியும் சார்ஜண்டைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றும்: கெவின் வாட்லி. இரண்டே வருடத்தில் 'இன்ஸ்பெக்டர் மோர்ஸ்' தொடரில் லூயிஸாகப் புகழ்பெறப் போகிறவர். தூரத்து உறவு சொல்லிக்கொண்டு தங்கியிருக்கும் ஜூலியா, பிற்பாடு ஜேம்ஸ் பாண்ட் படங்களில் மணிபென்னியாக வந்த சமந்தா பாண்ட்.

இதே நாவலை ஐடிவி தொலைக்காட்சி 2005-ல் ஜெரால்டின் மெக்ஈவனை வைத்து எடுத்தது. பிளாக்லாக்காக ஸோயி வானமேக்கர். அவர் நன்றாகவே செய்திருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். நிறம், உடை எல்லாம் பளபளவென்று இருக்கும். ஆனால் ஒன்றரை மணி நேரச் சொச்சத்தில் அத்தனை பொய்யர்களையும் அறிமுகப்படுத்தி அவிழ்க்கவும் வேண்டியிருப்பதால் மூச்சு வாங்குகிறது. டோராவை நாம் நேசிக்க நேரம் கிடைப்பதற்குள் அவள் இறந்துவிடுகிறாள். பிபிசி படம் மந்தம் என்று சொல்பவர்கள் உண்டு. மந்தம்தான். டீ ஊற்றுவதை, கோழிக்குத் தீனி போடுவதை, தெருமுனையில் நின்று வம்பளப்பதை அது அவசரப்படாமல் காட்டுகிறது. அந்தச் சாதாரணத்துக்குள்தான் தடயமெல்லாம் கிடக்கிறது. வேகமாக ஓட்டினால் ஹீட்டிங்கைப் பற்றி அத்தனை பேர் பேசுவதற்கு இடமேது?

ஹிக்சன் தொடரைப் புதிதாக ஆரம்பிப்பவர்கள் வெளியான வரிசையில் போக வேண்டியதில்லை. இதை முதலில் பாருங்கள். அடுத்து 1987-ல் வந்த 'நெமிஸிஸ்'. அதில் மிஸ் மார்ப்பிளுக்கு என்ன குற்றம், யார் குற்றவாளி என்று எதுவுமே சொல்லப்படாமல் விசாரணை ஒப்படைக்கப்படும். 'எ கரீபியன் மிஸ்டரி' வெயிலும் கடலுமாகப் பார்க்க நன்றாக இருக்கும், புதிர் சுமார். '4.50 ஃப்ரம் பாடிங்டன்' எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். இணையாக ஓடும் ரயிலில் கொலையைப் பார்க்கும் அந்த முதல் பத்து நிமிடத்துக்கு ஈடே இல்லை, அதற்குப் பிறகு எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அத்தைக்கு அதுதான் பிடித்திருக்கிறது. அதில் அவர் சந்தேகப்பட்டது யாரை என்பதை இங்கே எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்.